உறுதி யாருடைய பெயரில்? யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு குடும்ப வன்முறை நிகழ்வு

பெண்களுக்கு உதவும் எங்கள் அலுவலகத்துக்கு முதல் நாள் அவர் வந்தது காயத்தோடு அல்ல, ஓர் அடகுச் சீட்டோடு. ஒன்பது பவுண் தாலிக்கொடி ஏலத்துக்குப் போகும் நிலை. வட்டியையாவது கட்டுவதற்குக் கடன் ஒழுங்கு செய்ய முடியுமா என்று கேட்டார். கழுத்தில் கவரிங் சங்கிலி. வைகாசி வெயிலில் நீளக் கைச் சட்டை. கதிரையின் நுனியில் இருந்துகொண்டு வாசலையே பார்த்தார். பத்து நிமிடத்துக்குள் கைத்தொலைபேசி மூன்று தரம் அடித்தது. மூன்று தரமும் “சங்கக்கடையில நிக்கிறன், சனமாக் கிடக்கு” என்றே சொன்னார்.

கணவரைப் பற்றி “அவர் அடிக்கிறவரோ?” என்று கேட்டிருந்தால் “இல்லை” என்று சொல்லி எழும்பிப் போயிருப்பார். அப்படிப் போனவர்களை எனக்குத் தெரியும். ஆகவே கேள்வியை மாற்றினேன்: “வீட்டில உங்களுக்குப் பயம் வாற நேரம் எது?” கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “கேற் திறக்கிற சத்தம் கேட்டால், அக்கா” என்றார்.

இங்கே அவரைத் தங்கச்சி என்றே எழுதுகிறேன். ஊரையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். நான் கண்ட வேறு வழக்குகளின் துண்டுகளும் இதில் கலந்திருக்கின்றன. குடும்ப வன்முறை வழக்கில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவதைச் சட்டமே தடுக்கிறது. அதைவிட, வலிகாமத்தில் மூன்று விவரம் சொன்னால் நாலாவதைச் சனமே சொல்லிவிடும்.

தங்கச்சிக்கு அப்போது 31 வயது. எட்டு வருடத் திருமணம், ஏழு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள். கணவர் மேசன், நல்ல வேலைக்காரர் என்று ஊரில் பெயர். தங்கச்சியின் அப்பா இரண்டு பரப்புக் காணியையும் அதிலிருந்த வீட்டையும் சீதனமாக எழுதிக் கொடுத்திருந்தார். அண்ணன் கனடாவில். முதல் ஒரு வருடம் ஒரு குறையும் இல்லை என்று தங்கச்சியே சொன்னார். முதல் அறை விழுந்தது மூத்த பிள்ளை வயிற்றில் இருக்கும்போது, குழம்பில் உப்புக் கூடியதற்காக.

2022இல் சீமெந்து விலை ஏறி வேலை நின்றதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று உறவினர் பலர் சொன்னார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் அறை விழுந்த காலத்தில் சீமெந்து மலிவு. குடியைக் காரணம் சொன்னவர்களும் உண்டு; குடிக்காத நாளிலும் அடி விழுந்திருக்கிறது. கூலியை இழுத்தடித்த கொந்தராத்துக்காரர்மேல் அவர் ஒருநாளும் கை நீட்டியதில்லை. யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக் கூடாது என்பது வெறியிலும் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மதிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வளவுக்கு முன்பு கிடுகு வேலிதான். பக்கத்து வீட்டு மாமி வந்துபோக வேலியில் ஒரு பொட்டு, ஆள் நுழையக்கூடிய இடைவெளி. கறி அந்தப் பக்கம் போகும், முருங்கைக்காய் இந்தப் பக்கம் வரும், கதை இரண்டு பக்கமும் போகும். திருமணமாகி மூன்றாம் வருடம் கணவர் தன் கையாலேயே ஆறடி மதில் கட்டினார். முன்னுக்கு இரும்புக் கேற், அதன் பூட்டுச் சாவி அவரிடம். ஊரார் மெச்சினார்கள். மருமகன் வீட்டைத் திருத்தி எடுத்துப்போட்டான் என்று தங்கச்சியின் அப்பாவுக்கும் பெருமை. பொட்டு அடைபட்டதை யாரும் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அண்ணன் கனடாவிலிருந்து எடுத்தால் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைக்க வேண்டும். வட்ஸ்அப்பைத் தினமும் அவர் பார்ப்பார். தங்கச்சி தைத்துச் சம்பாதித்த மெஷின் விற்கப்பட்டது. தாலிக்கொடி அடகுக்குப் போனது, அதுவும் தங்கச்சியின் பெயரிலேயே. காசு என்ன ஆனது என்று கேட்ட அன்றைக்குக் கையில் சூடு. நீளக் கைச் சட்டையின் காரணம் அதுதான். எட்டு வருடத்தில் பதினைந்து தரம் அடித்திருப்பார் என்று தங்கச்சி ஒரு கணக்குச் சொன்னார். ஆனால் பயம் அந்தப் பதினைந்து நாளுக்கு மட்டும் உரியதாக இல்லை. சங்கக்கடைக்குப் போக எத்தனை நிமிடம், திரும்பி வர எத்தனை நிமிடம் என்று எண்ணி எண்ணி வாழ்ந்த நாட்கள் மற்றவை எல்லாம்.

நாலாவது சந்திப்பில்தான் படுக்கை அறையில் நடந்ததைச் சொன்னார், அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு. நீதிமன்றத்தால் பிரிக்கப்பட்டு வாழும் மனைவி தவிர மற்ற மனைவிமார்மீது கணவன் செய்யும் வன்புணர்வை இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை இன்னும் குற்றமாக எண்ணுவதில்லை. “அதுக்கும் சட்டம் இருக்கோ அக்கா?” என்று அவர் கேட்டபோது இதைச் சொல்ல எனக்கு நாக்குக் கூசியது. பின்னால் போட்ட மனுவில், தொடர்ந்த கொடுமையான, இழிவுபடுத்தும் நடத்தையின் ஒரு பகுதியாக அதையும் எழுதினோம்.

எங்களிடம் வருமுன் அவர் உதவி கேட்காமல் இருந்தார் என்று நினைக்க வேண்டாம். முதலில் கேட்டது கணவரின் தாய்மாமனிடம். அவரும் கோயில் தர்மகர்த்தா ஒருவரும் திண்ணையில் வைத்துப் பேசினார்கள். “பிள்ளையளின்ர முகத்தைப் பார்த்துப் பொறுத்துப் போ பிள்ளை. அவனுக்கும் சொல்லியிருக்கு.” கனடா அண்ணனும் ஏறக்குறைய அதையே சொன்னார், சனம் என்ன சொல்லும் என்பதைச் சேர்த்துக்கொண்டார். இது முதல் சமாதானம்.

இரண்டாவது சமாதானம் ஒரு பொலிஸ் நிலையத்தில். முறைப்பாட்டைத் தங்கச்சி தமிழில் சொன்னார். எழுதப்பட்டது அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில். கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டார். பிறகு கணவரைக் கூப்பிட்டு இரண்டு ஏச்சு ஏசி, இனி அடிக்க மாட்டேன் என்று எழுதி வாங்கி, இருவரையும் ஒரே மோட்டார் சைக்கிளில் அனுப்பிவைத்தார்கள். அந்தப் பயணத்தில் அவர் ஒரு சொல்லும் பேசவில்லையாம். கேற் பூட்டிய பிறகுதான் பேசினார். வடக்கில் நிர்வாக மொழி தமிழ்; முறைப்பாட்டைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்பது உரிமை, சலுகை அல்ல. எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லலாம், இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொண்டு வரலாம். அன்றைக்கு அந்தத் துண்டு இருந்திருந்தால் பிறகு எங்களுக்கு இரண்டு கிழமை மிச்சமாகியிருக்கும்.

மூன்றாவது சமாதானத்தைச் செய்தவர்கள் நாங்கள். அதை மறைத்து இந்த ஆய்வை எழுத முடியாது. எங்கள் அலுவலகத்தில் அப்போது இருந்த வழக்கப்படி இருவரையும் ஒன்றாக இருத்திக் கதைத்தோம். கணவர் அமைதியானவராக, அழுபவராகக்கூட இருந்தார். நாங்கள் தூண்டித் தூண்டிக் கேட்டதால் தங்கச்சி சூடு வைத்த கதையைச் சொன்னார். ஒரு மணித்தியாலத்தில் முடிந்தது, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். எங்களுக்கு முன்னால் சொன்ன ஒவ்வொரு வசனத்துக்கும் அன்றிரவு வீட்டில் கணக்குத் தீர்க்கப்பட்டது. ஒருவர் மற்றவருக்குப் பயந்து வாழும் வீட்டில் இரண்டு பேரையும் ஒரே மேசையில் இருத்துவது ஆற்றுப்படுத்தல் அல்ல, காட்டிக்கொடுப்பு. இப்போது நாங்கள் அப்படிச் செய்வதில்லை. முதலில் பெண்ணைத் தனியாகச் சந்திக்கிறோம். பயம் போகும்வரை கணவருக்குத் தெரியவே விடுவதில்லை.

அடுத்த முறை அவர் தனியாக வந்தார். பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் நாளில், கிளினிக்கில் வைத்துக் குடும்பநல மாது அனுப்பியது. கிளினிக் கொப்பி கையில் இருந்தால் எந்த வீட்டிலும் கேள்வி வராது. அன்றைக்குத்தான் நான் ஒன்று கேட்டேன், முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி: “வீட்டின்ர உறுதிப் பத்திரம் யாற்ர பேரில?” “என்ர பேரிலதான்.” “அப்ப ஏன் நீங்கள் வெளிக்கிடுறதைப் பற்றிக் கதைக்கிறியள்?”

தாய்மாமன், தர்மகர்த்தா, பொலிஸ், நாங்கள், எல்லோரும் அதுவரை கதைத்தது இரண்டு வழியைப் பற்றித்தான்: பொறுத்துக்கொண்டு இருப்பது, அல்லது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவது. யாழ்ப்பாணத்தில் சீதன வீடு பெரும்பாலும் பெண்ணின் பெயரில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் சண்டை வந்தால் தாய் வீட்டுக்குப் போவது பெண்தான். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையை ஒட்டிய 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் (யாழ்ப்பாணம்) சீதனத்தை மனைவியின் தனிச் சொத்தாகவே வைத்திருக்கிறது. கணவனின் கடனுக்கு அது பொறுப்பில்லை. அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ மட்டும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவர் நியாயமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதத்தைக் கொடுக்கலாம். நகை போன்ற அசையும் பொருளுக்கு அந்தச் சம்மதம்கூடத் தேவையில்லை.

தங்கச்சியிடம் வேறொரு பயமும் இருந்தது. வீட்டை விட்டுப் போனால் “கைவிட்டுப் போனவள்” என்று வழக்கில் தோற்றுவிடுவாய் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அடிதாங்காமல் வெளியேறுபவர் கைவிட்டவர் ஆக மாட்டார். அடித்துத் துரத்தியவரே கைவிட்டவராகக் கருதப்படுவார் என்று சட்டத்தரணி விளக்கியபோது தங்கச்சி அதைத் திரும்பவும் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

அதற்குப் பிறகு ஆறு கிழமை அவர் அந்த வீட்டிலேயே இருந்தார். உடனே எதுவும் செய்யத் தயாரில்லை, அது அவருடைய முடிவு. பிரிய முடிவெடுக்கும் காலம்தான் மிக ஆபத்தானது என்பதால் அவசரப்படுத்துவதில் எனக்கும் விருப்பமில்லை. அந்த ஆறு கிழமையில் அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், உறுதியின் பிரதி, வங்கிப் புத்தகம், அடகுச் சீட்டு, இரண்டு சோடி உடுப்பு, கொஞ்சக் காசு எல்லாம் ஒவ்வொன்றாகப் பக்கத்து வீட்டு மாமியின் அரிசிப் பானைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தன. அழைப்புகளை மாமியின் தொலைபேசியிலிருந்து மட்டும் எடுத்தோம். ஆபத்து என்றால் அலுமினியச் சட்டியை மதிலில் மூன்று தரம் தட்டுவது, மாமி உடனே பொலிசின் 119க்கு எடுப்பது என்று ஓர் ஏற்பாடு.

ஓர் இரவு பதினொரு மணிக்குச் சட்டி தட்டுப்பட்டது. தட்டியது தங்கச்சி அல்ல, ஏழு வயது மகன். அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அம்மா பழகிப் பார்த்ததை அவன் பார்த்திருக்கிறான். தங்கச்சியால் தட்ட முடியாமல் போனதற்குக் காரணம், அவருடைய கழுத்து கணவரின் இரண்டு கைக்குள் இருந்தது.

கழுத்தை நெரிப்பதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் இதை அடியோடு அடியாகச் சேர்த்து எண்ணிவிடுகிறார்கள். ஒருமுறை கழுத்தை நெரித்தவர் பிறகு கொலை வரை போகும் அபாயம் பல மடங்கு கூடுகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெளியில் தழும்பே இல்லாமல் இருக்கலாம். குரல் கம்முதல், விழுங்க நோதல், கண்ணில் இரத்தப் புள்ளி, கொஞ்ச நேரம் நினைவு தப்பியது, தன்னையறியாமல் சிறுநீர் போனது, இதில் எது இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மறுநாள் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் போக வேண்டும். தங்கச்சியும் “ஒண்டும் இல்லை, தண்ணி குடிச்சால் சரி” என்றுதான் சொன்னார். மாமி கேட்கவில்லை, 1990க்கு எடுத்தார். அந்த அம்புலன்சுக்குக் காசு இல்லை.

யாழ் போதனா வைத்தியசாலையில் மூன்று நாள். குளியலறையில் விழுந்ததாக முதலில் சொன்னாராம். தாதி ஒருவர் கணவரின் உறவினர்களை வெளியே அனுப்பிவிட்டுத் திரும்பக் கேட்டபோது உண்மை வந்தது. சட்ட வைத்திய அதிகாரி பரிசோதித்து எழுதினார். காயம் ஆறிவிடும், அந்த எழுத்து நிற்கும். பழைய சூட்டுத் தழும்பும் அதில் பதிவானது. அரச வைத்தியசாலைகளில் இப்படியானவர்களுக்கென்றே நட்பு நிலையம் என்ற பிரிவு இயங்குகிறது, சிங்களத்தில் மிதுரு பியச. வார்டில் இருந்தபடியே அங்கே கதைக்கலாம், வெளிநோயாளராகவும் போகலாம். பொலிசுக்குப் போக விருப்பமில்லாதவரும் போகலாம்.

பாதுகாப்புக் கட்டளை என்பது பலர் நினைப்பதுபோல் கணவனை மறியலில் போடும் வழக்கு அல்ல. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் கேட்கும் ஒரு தடை. யாழ்ப்பாண மாவட்டத்தில் யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களில் நீதவான் நீதிமன்றங்கள் உண்டு. பாதிக்கப்பட்டவர் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்துக்குரிய நீதிமன்றத்திலும் மனுப் போடலாம், அவருக்காகப் பொலிஸ் அதிகாரியும் போடலாம். கணவன்மாரிடமிருந்து மட்டும் அல்ல. முன்னாள் கணவன், சேர்ந்து வாழ்ந்தவர், தகப்பன், சகோதரன், பெற்ற மகன் என யாரிடமிருந்தும் பாதுகாப்புக் கேட்கலாம். மகனிடம் அடிவாங்கும் வயதான அம்மாமாருக்கு இது தெரிந்திருக்கவில்லை என்பது என் தனிக் கவலை.

சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகம் வழியாகச் சட்டத்தரணி கிடைத்தார். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே கட்டணம் இல்லை. சத்தியக்கடதாசியோடு மனுப் போட்ட அன்றே இடைக்காலக் கட்டளை கிடைத்தது. 14 நாளுக்குள் விசாரணை. மன்றில் கணவர் சொன்னது ஒன்றுதான்: “நான் கட்டின மதில், நான் போட்ட கேற். என்னை எப்பிடி வெளிய போகச் சொல்லலாம்?” மதில் யாருடையது, தேடியதேட்டம் (திருமணத்துக்குப் பிறகு தேடிய சொத்து) எவ்வளவு என்பதையெல்லாம் இந்த வழக்கு தீர்ப்பதில்லை. அவரவர் இருக்க இடம் உண்டா, பிள்ளைகள் எங்கே இருப்பார்கள், தடையால் எதிராளிக்கு என்ன கஷ்டம் என்று நீதிமன்றம் பார்க்கும். அவருக்குத் தாய் வீடு இருந்தது. 12 மாதக் கட்டளை கிடைத்தது, சட்டத்தில் உச்சக் காலமும் அதுதான்: வீட்டுக்குள் வரக்கூடாது, தொலைபேசி எடுக்கக்கூடாது, பிள்ளையின் பள்ளிக்கூட வாசலில் நிற்கக்கூடாது. பொலிஸ் கூடவர ஒரே ஒருமுறை வந்து மேசன் சாமான்களை எடுத்துப் போனார்.

மூன்றாம் மாதம் கட்டளையை மீறிக் கேற்றில் வந்து நின்று சத்தம் போட்டார். மீறினால் 10,000 ரூபா வரை தண்டம், அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். 2005இல் பத்தாயிரம் ஒரு தொகைதான். இன்றைக்கு ஒரு மேசனின் இரண்டு மூன்று நாள் கூலி. ஆனால் அந்த முறை பொலிசார் வந்தார்கள், தமிழில் எழுதினார்கள். கட்டளையின் பிரதி தங்கச்சியின் கைப்பையில் இருந்தது. அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

இப்படி நடப்பது எங்கோ ஒன்று இரண்டு வீட்டில் என்று நினைப்பவர்களுக்கு: தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய ஆய்வின்படி, இலங்கையில் துணைவரோடு வாழ்ந்த பெண்களில் 20.4 வீதமானோர் அந்தத் துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது ஆளாகியிருக்கிறார்கள். ஒரு ஒழுங்கையில் ஐந்து வீடு இருந்தால் நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவருக்கு நான் முதலில் சொல்வது 1938, பெண்களுக்கான அரச உதவி இலக்கம். பொலிசின் சிறுவர் பெண்கள் பிரிவுக்கு 109. அடி விழுந்துகொண்டிருக்கும் நேரம் 119 தான். பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1929. மனம் உடைந்து யாரிடமாவது கதைக்க வேண்டும் என்றால் 1926. எடுத்த பிறகு அழைப்புப் பட்டியலில் இருந்து இலக்கத்தை அழித்துவிடுங்கள். நேரில் என்றால் பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் உளவளத்துணை உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். செயலகத்துக்குப் போக ஆயிரம் காரணம் சொல்லலாம் என்பதே அதன் வசதி. 1987இலிருந்து இயங்கும் விமன் இன் நீட் நிறுவனத்துக்கும் யாழ்ப்பாணத்தில் நிலையம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால் “ஏன் இன்னும் இருக்கிறாய்” என்று கேட்க வேண்டாம். மாமி கேட்டது “இதை எங்க வைக்கட்டும்?” என்று மட்டும்தான், கையில் அந்த உடுப்புப் பையோடு.

கட்டளை முடிய ஒரு மாதம் இருக்கும்போது வீட்டுக்குப் போயிருந்தேன். கனடா அண்ணன் கொஞ்சம் வெட்கப்பட்டு, அடகு வட்டியைக் கட்டியிருந்தார். முதல் இன்னும் நிற்கிறது. கடனுக்கு வாங்கிய தையல் மெஷின் விறாந்தையில். வேறொரு மேசன் மதிலின் ஓர் இடத்தை உடைத்து, மாமி வீட்டுப் பக்கம் சின்னப் படலை வைத்துக்கொண்டிருந்தார். மூத்தவன் அதை எத்தனை தரம் திறந்து மூடினான் என்று நான் எண்ணவில்லை.

1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் போட்ட தாபரிப்பு வழக்கு நடக்கிறது. ஐந்து மாதத்தில் இரண்டு மாதக் காசு வந்திருக்கிறது. முதல் வழக்குத் தவணைக்கு யாரும் பார்க்கக் கூடாது என்று இரண்டு பக்கமும் திரை போட்ட ஓட்டோவில் போனவர். அடுத்த தவணைக்கு ஓட்டோ சொல்லட்டுமா என்று கேட்டேன். “வேண்டாம் அக்கா, வீண் செலவு. பஸ்சில வாறன்” என்றார்.